இங்கிலாந்தில் பிறந்த மூதாதையரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மாமியார் பிறந்து வளர்ந்தது போத்தனூர் ரயில்வே காலனியில். அவர் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் வாக்கர். அவருடைய தாத்தா யார்க்‌ஷயரிலிருந்து எஞ்சின் டிரைவர் வேலைக்கு வந்தவர் என்ற ஒரு வரிதான் வீட்டில் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்து, ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கம்பளி நெசவுக் கிராமம் ஒன்றுவரை போய்ச் சேர்ந்தோம். அப்புறம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் வீட்டிலிருந்து. குடும்ப பைபிளின் முதல் பக்கம், பழைய பள்ளிச் சான்றிதழ், பென்ஷன் தாள், கல்லறைக் கல்லில் உள்ள வாசகம், போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பெயர் எல்லாவற்றையும் முதலில் ஒரே நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதில் ஆண்டு தப்பாக இருக்கலாம், ஊர் தப்பாக இருக்கலாம்; ஆனாலும் சொன்னபடியே எழுதி வையுங்கள். தப்பான கதைக்குள்ளும் ஒரு சரியான பெயர் ஒளிந்திருக்கும்.

பிறகு, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். அம்மா, அம்மாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளாவது கையில் கிடைத்த பிறகே அடுத்த படி. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவை உங்களுடையவர் என்று நினைத்துக்கொண்டு நடப்பீர்கள்.

இங்கிலாந்துப் பதிவுகளுக்குள் நுழையுமுன் மூன்று விவரம் தேவை: முழுப்பெயர், ஏறக்குறைய பிறந்த ஆண்டு, ஊர். மூன்றில் ஊர்தான் உயிர். பெயர் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும்.

குடும்பப்பெயரின் பொருளைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடாதா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். பொருளைத் தேடுவது மிகவும் இனிமையான வேலை. ஆனால் அதை முதலில் செய்தால் வழி தவறும். நமக்குத் தெரிந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்கின் குடும்பப்பெயர் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள ஓர் ஊரின் பெயர். பழைய பிரித்தானிய மொழியில் ‘குயில் குன்று’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் அவர் பிறந்தது 1841இல் புனேயில். அடக்கமாகியிருப்பது இங்கிலாந்தின் சர்ரே கவுன்டியில் உள்ள ஃப்ரிம்லி தேவாலயத்தில். கால்டுவெல் என்ற பெயருக்குக் குளிர்ந்த ஊற்று என்று பொருள். அதுவும் ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். அவர் பிறந்தது 1814இல் அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரை முதலில் தாங்கிய மனிதர் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு குறிப்பைத்தான் பெயர் தருகிறது. உங்கள் தாத்தாவின் தாத்தா எங்கே பிறந்தார் என்பதைத் தாள்தான் சொல்லும்.

எந்தத் தாள்? எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1ஆம் தேதி. ஸ்காட்லாந்தில் இது 1855இல்தான் வந்தது. அங்கே பதிவகமும் தனி. இங்கிலாந்துக்கான மையப் பதிவகத்தின் அட்டவணையை இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பழைய அட்டவணைகளில் ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். அதில் மார்ச் என்று இருந்தால் மார்ச் மாதம் பிறந்தார் என்று பொருளில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் பதியப்பட்டார் என்றே பொருள்.

பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்களும் உண்டு. 1875இல் சட்டம் கடுமையாகும்வரை பல குழந்தைகள் விட்டுப்போயின. அட்டவணையில் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அட்டவணையில் பெயர் கிடைத்துவிட்டது. சான்றிதழ் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்குங்கள். அட்டவணை வெறும் வாசல்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அவர் தொழில், அம்மாவின் பெயர், கல்யாணத்துக்கு முன் அவருடைய குடும்பப்பெயர், தகவல் கொடுத்தவரின் முகவரி எல்லாம் இருக்கும். தேதிக்குப் பக்கத்தில் மணி நேரமும் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது இரட்டைக் குழந்தை. உடனே இன்னொரு பெயரைத் தேடுங்கள்.

திருமணச் சான்றிதழ் இன்னும் மேல். மணமகன், மணமகள் இருவருடைய அப்பா பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே தாளில் இரண்டு குடும்பங்கள் பின்னால் திறக்கும். அம்மாக்களின் பெயர் அதில் இருக்காது. அதற்கு இடம் கொடுத்தது 2021 மே மாதத்தில்தான். 184 ஆண்டுகள் எந்தத் திருமணத் தாளிலும் தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

கையெழுத்து இடும் இடத்தில் பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியும், ‘அவரது அடையாளம்’ என்ற குறிப்பும் இருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது. எங்கள் வாக்கர் குடும்பத்தில் 1850ஆம் ஆண்டு மணமகள் அப்படித்தான் இட்டிருக்கிறார். பேனா அழுந்திக் கொஞ்சம் மை சிந்தியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் மாமியார் வெகுநேரம் பேசவில்லை.

பழைய பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களில் பலவற்றைக் காகிதப் பிரதியாக வாங்காமல் பி.டி.எஃப். கோப்பாக வாங்கினால் செலவு குறையும்.

சென்சஸ் எப்படி உதவும்?

ஒரு குடும்பம் ஒரே இரவில் ஒரே கூரையின்கீழ் எப்படி இருந்தது என்று காட்டும். 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். நாடு முழுக்க ஆட்களின் பெயரோடு எடுத்தது 1841 முதல். அந்த 1841 தாளை அளவோடு நம்புங்கள். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். முப்பத்து நான்கு வயதுக்காரர் முப்பது என்று இருப்பார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் கிடையாது. 1851இலிருந்து குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்ற இரண்டும் வந்துவிடுகின்றன. அதனால் 1851இல் உயிரோடு இருந்த மூதாதையர் கிடைத்தால் பெரிய பாக்கியம்; அதற்கு முந்தைய தலைமுறையின் ஊர் கையில் வந்துவிடும்.

1911ஆம் ஆண்டுத் தாளைக் குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்பினார். அதைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தையே பார்க்கலாம். கல்யாணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இருக்கிறது, எத்தனை இறந்தது என்று அதில் கேட்டிருப்பார்கள். பத்து, ஆறு, நான்கு என்ற மாதிரி மூன்று எண்கள் இருக்கும். சென்சஸுக்கும் சென்சஸுக்கும் நடுவில் பிறந்து இறந்துபோன பிள்ளைகள் வேறு எந்தக் குடும்பத் தாளிலும் வர மாட்டார்கள். அந்த எண்ணைக் கொண்டுதான் அவர்களைத் தேடிப் பெயர் சொல்ல முடியும்.

நூறு ஆண்டு கழித்தே வெளியிடுவது என்பது விதி. 1921 தாள்கள் 2022 ஜனவரியில் வந்தன. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு ஓரளவு நிரப்புகிறது.

தொழில் பத்தியில் ‘ஆக் லாப்’ என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். விவசாயக் கூலி என்பதன் சுருக்கம் அது. நிறையப் பார்ப்பீர்கள்.

ஒன்பது வயதுப் பையனை மருமகன் என்று போட்டிருக்கிறதே?

இதே கேள்வியோடு நான் ஒரு மாதம் முழித்தேன். 1881 தாளில் எங்கள் ஆள் ஒன்பது வயதில், வேறு குடும்பப்பெயர் உள்ள ஒருவர் வீட்டில், ‘சன்-இன்-லா’ என்று இருந்தார். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு மருமகன் என்றும் பொருள், மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை என்றும் பொருள். அப்பா இறந்து, அம்மா மறுமணம் செய்துகொண்டிருந்தார். அதனால்தான் வாக்கர் என்ற குடும்பத் தலைப்பில் எவ்வளவு தேடியும் பையன் கிடைக்கவில்லை.

உறவுச் சொல்லில் நம் மொழி தெளிவானது. அப்பாவின் தம்பி என்றால் சித்தப்பா, அம்மாவின் தம்பி என்றால் மாமா. ஆங்கிலத் தாளில் ‘அங்கிள்’, ‘கசின்’, ‘நெவ்யூ’ என்று இருந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது. ‘கசின்’ என்பதைத் தூரத்து உறவு எதற்கும் எழுதினார்கள். எனவே அந்தச் சொற்களைப் பார்த்ததும் மரத்தில் கோடு போட்டுவிடாதீர்கள். இன்னொரு சான்று வரட்டும்.

ஒரு விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒற்றுமை உண்டு. நம்மிடம் பாட்டன் பெயரைப் பெறுபவன் பெயரன், அதுவே பேரன். அங்கும் தாத்தா, பாட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது வெகு சாதாரணம். அண்ணன் தம்பி நான்கு பேர் ஆளுக்கொரு மகனுக்கு அப்பா பெயரை வைத்தால், ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் நான்கு பையன்கள் இருப்பார்கள்.

நடுப்பெயரில் ஏதாவது துப்பு கிடைக்குமா?

கண்டிப்பாக. நடுப்பெயர் குடும்பப்பெயர் மாதிரி ஒலித்தால் அது அம்மாவின் அல்லது பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கலாம். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஜி.யு. போப். அந்த ‘யு’ என்பது அக்லோ. போப் பிறந்தது 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில்; அவருடைய தாயார் இங்கிலாந்தின் கார்ன்வாலைச் சேர்ந்த கேத்தரின் அக்லோ. போப் என்ற பெயர் பல இடங்களில் உண்டு; அக்லோ என்பது கார்ன்வாலின் வடகோடியில் ஒரு சிறு வட்டாரத்துக்கு உரிய அபூர்வமான பெயர். அபூர்வமான பெயரைப் பிடித்தால் ஊர் தானாக வரும்.

1837க்கு முன்னால்?

தேவாலயப் பதிவேடுகள். 1538இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பாரிஷ் என்றால் நம் கத்தோலிக்கர் பங்கு என்றும் சி.எஸ்.ஐ.யினர் சேகரம் என்றும் சொல்வதைப் போன்ற ஒரு தேவாலய எல்லை. முதலில் தாளில் எழுதினார்கள். 1598 முதல் தோல் ஏடுகளில் எழுதச் சொல்லி, ஆண்டுதோறும் பேராயருக்கு ஒரு நகல் அனுப்பவும் சொன்னார்கள். மூலம் எலி தின்றோ ஈரத்தில் கெட்டோ போயிருந்தால் அந்த நகல் கைகொடுக்கும். நகலும் மூலமும் இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் இல்லாத வார்த்தை மற்றதில் இருக்கும்.

1754 முதல் திருமணங்கள் தனிப் புத்தகத்தில், சாட்சிகளின் கையெழுத்தோடு வருகின்றன. மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தோ லைசென்ஸ் பெற்றோ இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணமுடிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் வந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. 1813 முதல் அச்சிட்ட படிவங்கள். அதில் ஞானஸ்நானப் பதிவிலேயே அப்பாவின் தொழிலும் இருக்கும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1720 டிசம்பருக்கு அடுத்து வருவது 1720 ஜனவரி. நம் கணக்கில் அது 1721. கல்யாணத்துக்கு முன்பே குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததுபோல் தோன்றினால், அவசரப்படாமல் இதை முதலில் சரிபாருங்கள்.

பாரிஷ் பதிவேட்டில் குழந்தையே இல்லை. என்ன செய்வது?

பக்கத்து ஐந்தாறு பாரிஷ்களைப் பாருங்கள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பழக்கம் நம்மூரில் மட்டும் இல்லை. தலைப்பிள்ளை பல நேரம் அம்மாவின் ஊரில்தான் கிடைக்கும். சில குடும்பங்கள் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். எட்டு வயதுப் பையன் கைக்குழந்தைத் தம்பியோடு சேர்ந்து பதிவாகியிருப்பான்.

அப்படியும் இல்லையென்றால் குடும்பம் ஆங்கிலிக்கன் அல்லாமல் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், குவேக்கர் அல்லது கத்தோலிக்கராக இருக்கலாம். 1837க்குப் பிறகு இந்தச் சபைகளில் பலவற்றின் பழைய பதிவேடுகளை அரசு சேகரித்தது. அவை லண்டனின் தென்மேற்குப் பகுதியான கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1640கள், 1650கள் என்றால் உள்நாட்டுப் போரினால் பதிவேடே காலியாக இருக்கலாம்.

ஒரே பெயரில் இரண்டு பேர் கிடைத்தால்?

இதில்தான் நான் எட்டு மாதத்தை இழந்தேன். ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்தில் ஒரு பையன், ஹடர்ஸ்ஃபீல்டு வட்டாரத்தில் ஒரு பையன். ஒரே ஆண்டு, ஒரே பெயர், இருவருடைய அப்பா பெயரும் வில்லியம் வாக்கர். ஹடர்ஸ்ஃபீல்டு குடும்பம் ஒழுங்காகப் பதிவுகளில் கிடைத்ததால் அதையே பிடித்துக்கொண்டு 1700கள் வரை போய்விட்டேன். மாமியார் வீட்டில் எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டியாயிற்று. பிறகு ஒருநாள் இறப்பு அட்டவணையில் அதே பெயர், அதே வட்டாரம், 1875, வயது மூன்று. நான் தேடிக்கொண்டிருந்த பையன் போத்தனூருக்கு வரவே முடியாது. அவன் மூன்று வயதில் போய்விட்டான்.

அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது: பிறப்பைக் கண்டுபிடித்ததும் அதே பெயரில் இறந்த குழந்தை உண்டா என்று உடனே பாருங்கள். 1866 முதல் இறப்பு அட்டவணையில் வயதும் இருப்பதால் இது கால்மணி நேர வேலை. ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் சகஜம் என்பதால், அண்ணனின் பதிவைத் தம்பிக்கு ஒட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

இணையத்தில் மற்றவர்கள் ஏற்றியிருக்கும் குடும்ப மரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒருவர் செய்த தப்பை ஐம்பது பேர் நகல் எடுத்தால் அது சான்று போலத் தோன்றும்.

எங்கள் பெயரை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறதே?

கவலையே வேண்டாம். எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது பின்னாளில்தான். ஷேக்ஸ்பியர் கையெழுத்தாக நமக்குக் கிடைத்திருப்பவை ஆறு. அவற்றிலேயே பெயர் ஒரே மாதிரி எழுதப்படவில்லை. எழுதத் தெரியாத கூலிக்காரர் வாயால் சொல்ல, வேற்றூர்ப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். எனவே பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒலி எப்படியெல்லாம் எழுதப்படும் என்று ஒரு பட்டியல் போட்டுத் தேடுங்கள். முதல் எழுத்து ‘ஹெச்’ என்றால் அது இல்லாமலும் தேடுங்கள்; பேச்சில் அதை விழுங்குவது வழக்கம்.

முதற்பெயரிலும் இந்த விளையாட்டு உண்டு. பாலி என்பவள் மேரி. பெக்கி என்பவள் மார்கரெட். நான்சி என்பவள் ஆன். ஜாக் என்பவன் ஜான்.

சரி, குடும்பப்பெயர்கள் எப்படித்தான் வந்தன?

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, முதலில் நிலக்கிழார்களிடமும் பிறகு மற்றவர்களிடமும் பரவின. 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயருக்குத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பெயர் வந்துவிட்டது. 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி வசூலித்தபோது எழுதிய பட்டியல்களில் பெயர்கள் உருவாகிவருவதையே பார்க்கலாம்.

பொதுவாக நான்கு ஊற்றுகள். முதலாவது இடம். மலையடியில் இருந்தவர் ஹில், ஆற்றைக் கடக்கும் துறையில் இருந்தவர் ஃபோர்டு, காட்டோரம் இருந்தவர் அட்வுட். ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஊரை விட்டு வெளியே போனவருக்குத்தான் ஊர்ப்பெயர் நிலைத்தது. மதுரையில் இருப்பவரை யாரும் மதுரைக்காரர் என்று கூப்பிட மாட்டார்கள் அல்லவா? 1844இல் சென்னையில் தொடங்கிய புத்தகக் கடையால் நமக்குப் பழகிய ஹிக்கின்பாதம் என்ற பெயர், லங்காஷயரில் போல்டன் அருகே உள்ள ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஓக் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கின் அடி என்று பொருள். முடிவில் ‘பி’, ‘த்வெய்ட்’ என்று வந்தால் வைக்கிங்குகள் குடியேறிய வடக்கு, கிழக்குப் பகுதிகளின் வாசனை. ‘ட்ரே’, ‘பென்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் கார்ன்வால்.

இரண்டாவது தொழில். ஸ்மித் கொல்லர், கூப்பர் பீப்பாய் செய்பவர், ஃப்ளெட்சர் அம்பு செய்பவர், சாண்ட்லர் மெழுகுவத்தி செய்பவர். எங்கள் வாக்கர் இந்த வகை. நிறைய நடப்பவராக இருந்திருப்பார் என்றுதான் குடும்பத்தில் வேடிக்கையாகச் சொல்லிவந்தார்கள். உண்மையில், நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்து மிதித்துக் கெட்டியாக்கும் தொழிலாளி அவர். இதே வேலையைச் செய்தவருக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர் என்று பெயர். ஒரே தொழிலுக்கு மூன்று சொல் இருந்ததால், எந்தச் சொல் உங்களுக்கு வந்தது என்பதை வைத்து எந்தத் திசை என்று ஊகிக்கலாம். எங்கள் விஷயத்தில் கம்பளி நாடான யார்க்‌ஷயரோடு இது அழகாகப் பொருந்தியது.

மூன்றாவது தந்தை பெயர். நாம் இனிஷியலில் அடக்கிவிடுவதை அவர்கள் ‘சன்’ என்று ஒட்டவைத்தார்கள். ஜான்சன், வில்சன் எளிது. செல்லப்பெயர் வழியாக வந்தவைதான் சுவை. ரிச்சர்டு டிக் ஆகி டிக்சன் ஆனான். ராபர்ட் ஒருவனே ராப், ஹாப், டாப் என்று மாறி ராப்சன், ஹாப்சன், டாப்சன் மூன்றையும் தந்தான். வால்டர் வாட் ஆகி வாட்சன். ரோஜர் ஹாட்ஜ் ஆகி ஹாட்ஜ்சன். திருக்குறளை மொழிபெயர்த்த எல்லீஸின் பெயர்கூட பைபிளில் வரும் எலியாவின் பெயரிலிருந்து பிறந்தது.

நான்காவது பட்டப்பெயர்: குள்ளமானவர் ஷார்ட், வெளுத்த முடிக்காரர் ஒயிட், வலுவான கைக்காரர் ஆர்ம்ஸ்ட்ராங்.

ஒரே குடும்பப்பெயர் என்றால் சொந்தக்காரர்களா?

ஸ்மித், வாக்கர், ஹில் போன்றவற்றில் இல்லவே இல்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார். அபூர்வமான பெயர்களில் வாய்ப்பு அதிகம். 1881 சென்சஸில் அந்தப் பெயர் எந்த கவுன்டியில் குவிந்திருந்தது என்று காட்டும் வரைபடங்கள் இணையத்தில் உண்டு. கொஞ்ச நேரம் செலவழியுங்கள்.

பெயர் மாறிய கதைகளும் இருக்கின்றன. 1685க்குப் பிறகு பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹ்யூகனாட்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் சிலர் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டார்கள்; லெ பிளாங்க் என்பவர் ஒயிட் ஆனார்.

எங்கள் குடும்பப்பெயருக்கு ஒரு கேடயச் சின்னம் விற்கிறார்களே, வாங்கலாமா?

அழகுக்கு வாங்கலாம், சான்றாக வேண்டாம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் குடும்பப்பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும்தான். அதைக் கவனிக்கும் சின்னக் கல்லூரி லண்டனில் 1484 முதல் இருக்கிறது.

டி.என்.ஏ. சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தாள் தேடலுக்கு அது துணை. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. குடும்பப்பெயரும் அதே வழியில்தான் போகிறது. 2000இல் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப்பெயர் கொண்ட ஆண்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. யார்க்‌ஷயரில் ஏதோ ஓர் ஓடையோரம் இருந்த ஒருவரிடமிருந்து அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதற்கு அது வலு சேர்த்தது.

மறுபக்கமும் உண்டு. 1485இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள் 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. அவருடைய அக்காவின் பெண்வழி வந்தவர்களோடு டி.என்.ஏ. பொருந்தியது. ஆண்வழி உறவினர்கள் என்று அரச வம்சாவளி காட்டியவர்களோடு ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில் தாளில் எழுதிய அப்பா வேறு, பெற்ற அப்பா வேறு. அரச குடும்பத்திலேயே இப்படி என்றால் நம் மரத்திலும் நடந்திருக்கலாம். சோதனைக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிடுவது மரியாதை.

அப்பா பெயர் இல்லாத குழந்தையோடு பாதை முடிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கல்யாணமாகாத தாயின் குழந்தையைப் பாரிஷ் செலவில் வளர்க்க வேண்டி வருமோ என்ற பயம் ஊர்ப் பெரியவர்களுக்கு எப்போதும் இருந்தது. அதனால் தாயை விசாரித்து, தகப்பன் யார் என்று கேட்டு, அவனிடம் பணம் கட்டுவதாகப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அந்த விசாரணைத் தாள்களும் பத்திரங்களும் கவுன்டி ஆவணக் காப்பகங்களில் ஏழைகள் பராமரிப்புக் கட்டுகளுக்குள் இருக்கின்றன. அந்தப் பெண்ணை எவ்வளவு கூசவைத்திருப்பார்கள் என்பது படிக்கும்போதே தெரியும். ஆனால் ஒரு கூலிக்காரப் பெண்ணின் சொந்த வாக்குமூலம் எழுத்தில் கிடைக்கும் இடம் வேறு அதிகம் இல்லை. குழந்தைக்கு நடுப்பெயராகத் தகப்பனின் குடும்பப்பெயரைத் தாய் வைத்துவிடுவதும் உண்டு.

லண்டன் ‘ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்’ என்ற கைவிடப்பட்ட குழந்தைகள் காப்பகத்தின் பதிவு வந்தால் மட்டும் நிலைமை வேறு. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் 1739இல் அரச சாசனம் பெற்று நிறுவியது அது. 1741 முதல் குழந்தைகளை ஏற்று, வந்த உடனேயே புதுப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் வேரைத் தேடிப் பயனில்லை. தாய்மார் என்றாவது திரும்பி வந்து அடையாளம் காட்டுவதற்காகத் துணித் துண்டுகளை விட்டுச் சென்றார்கள். அவை இன்றும் பதிவேடுகளில் குத்தப்பட்டபடியே இருக்கின்றன.

இங்கிலாந்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தவரின் பதிவுகள் எங்கே?

இந்தியாவில் நடந்த ஆங்கிலேயரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. சென்னைத் தொகுதிக்கு ‘என் 2’ என்பது குறியீடு. பெரும்பகுதியை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம். ரயில்வே கம்பெனிகள் இங்கிலாந்திலேயே ஆளெடுத்த ஒப்பந்தங்களும், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சிப்பாய்ப் பட்டியல்களும் அதே தொகுப்பில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் அட்டவணை இலவசம். மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஜே.ஜே. காட்டன் 1905இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்; கல் சிதைந்துபோன இடத்தில் அது உதவும். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680 முதல் உள்ளது. ராபர்ட் கிளைவின் 1753 கல்யாணம் அங்கேதான் பதிவானது.

எங்கள் ஆளின் கல்யாணப் பதிவு இந்தத் தொகுதியில்தான் கிடைத்தது. அப்பா பெயர் வில்லியம் என்றே அதிலும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சாட்சியாக ஒரு பெயர். 1881 தாளில் ஹாலிஃபாக்ஸ் பையனின் அம்மா மறுமணம் செய்த வீட்டுக்காரரின் குடும்பப்பெயர் அது. அந்த வீட்டுத் தம்பி ஒருவரும் பின்னாலேயே போத்தனூருக்கு வந்திருக்கிறார். ஹாலிஃபாக்ஸ் பையன்தான் நம் ஆள் என்று அப்போதுதான் உறுதியானது.

பதிவில் இந்தியத் தாயின் பெயரே இல்லையே?

இது அடிக்கடி வரும், வரும்போதெல்லாம் வலிக்கும். 1687இல் கம்பெனியின் இயக்குநர்களே, சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொல்லி, பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும்போது தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கச் சொன்னார்கள். பணம் கொடுத்தவர்கள் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. தாய் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது மேரி, அன்னா என்று ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும்.

நான்கு இடங்களில் தேடிப் பார்க்கலாம். அதே தம்பதியின் மற்றப் பிள்ளைகளின் பதிவுகள். ஒன்றில் விட்டதை இன்னொரு பாதிரியார் எழுதியிருக்கலாம். தகப்பனின் உயில், பதிவேடு மறைத்த பெண்ணை உயில் பல நேரம் பெயர் சொல்லிக் குறிப்பிடும். ஞானப்பெற்றோரின் பெயர்கள்; தாயின் சகோதரரோ சகோதரியோ அங்கே நிற்கக்கூடும். கடைசியாக, உள்ளூர்க் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். ஆங்கிலிக்கன் தகப்பன், கத்தோலிக்கத் தாய் என்றால் அவர் அடக்கம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

என் மாமியாரின் பாட்டியை மூன்றாவது வழியில் கண்டுபிடித்தோம். இரண்டாவது மகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாயாக நின்றவர் பாட்டியின் தங்கை. பங்கு அலுவலகத்தில் தங்கையின் பதிவைத் தேடினோம். இரண்டு பக்கம் தள்ளி அக்காவின் பெயர், அவர்களுடைய அப்பா பெயர், ஊர் பாலக்காடு. இங்கிலாந்தில் ஆறு தலைமுறை தேடிய நோட்டில் இப்போது இந்தப் பக்கத்துக்கும் இரண்டு தலைமுறை எழுதியிருக்கிறோம்.